எட்டில் செவ்வாய், திரையில் சுபம்

பிழையைக் கண்டுபிடித்துச் சொல்கிறவனுக்கு இந்த உலகம் மாலை போடும் என்று ஒரு காலத்தில் நான் நம்பியிருந்தேன். நம்பியதோடு நில்லாமல் கழுத்தையும் நீட்டிக்கொண்டு நின்றேன். கழுத்துக்கும் மூளைக்கும் போக்குவரத்து அவ்வளவாக இல்லாத வயசு. இதைப் படிக்கிற இளவட்டங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாலை போடுவார்கள், அது நிச்சயம். ஆனால் வேறு ஆளுக்குப் போடுவார்கள். உங்களுக்குப் பந்தியில்கூட இலை விழாது.

தொண்ணூறுகளின் நடுவில், திருநெல்வேலி டவுணில் தெற்கு ரத வீதியில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் இரண்டு கம்ப்யூட்டர், டர்ரென்று கத்துகிற ஒரு பிரிண்டர், ஒரு முருகன் படம். கீழே அண்டாவுக்கும் குத்துவிளக்குக்கும் பெயர் வெட்டுகிற சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். மேலே நாங்கள் ஜாதகம் கணிக்கிற மென்பொருள் செய்து, ஜோசியர்களுக்கும் கல்யாணத் தகவல் நிலையங்களுக்கும் விற்றுக்கொண்டிருந்தோம். (சிரிக்காதீர்கள். ராக்கெட் விடுகிற மென்பொருள் செய்கிறவனுக்கு வாடிக்கையாளர் ஒருத்தர்தான். எங்களுக்கு அம்பாசமுத்திரத்தில் தொடங்கி தாமிரபரணி ஆறு கடலில் போய் விழுகிற வரைக்கும் ஆள் இருந்தது.)

முதலாளியை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப் பையில் பஞ்சாங்கம். ஜோசியத்தை முழுசாக நம்புவார். கம்ப்யூட்டரை அரைகுறையாக நம்புவார். வேலையில் எனக்கு மூத்தவன் மகராஜன். அவன்தான் மென்பொருளை ஆதியிலிருந்து எழுதியவன். எதைக் கேட்டாலும் "அது அப்படித்தான் வே" என்பான். அதற்கு மேல் விளக்கம் கேட்டால் டீ குடிக்கப் போய்விடுவான்.

மென்பொருள் ஒரே துண்டாக இருக்காது. நட்சத்திரத்துக்கு ஒரு ஃபைல், தசாபுத்திக்கு ஒன்று, பொருத்தத்துக்கு ஒன்று, செவ்வாய் தோஷத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதியிருப்போம். ஒவ்வொன்றையும் மெஷினுக்குப் புரிகிற பாஷைக்கு மாற்றி, மாற்றிய துண்டுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துத் தைத்தால்தான் முழு மென்பொருள் கிடைக்கும். மாற்றுவதையும் தைப்பதையும் ஒரே கட்டளையில் செய்து முடிக்க மகராஜன் ஒரு கருவி எழுதி வைத்திருந்தான். அதற்குக் 'கட்டு' என்று பெயர். வாங்குகிற ஜோசியரின் பெயரும் ஊரும் மென்பொருளுக்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும், அப்போதுதான் அவர் அடுத்தவருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்க மாட்டார். ஆகவே ஒவ்வொரு ஜோசியருக்கும் தனியாகக் கட்ட வேண்டும்.

அண்ணாச்சி அந்தக் கட்டுகிற வேலையை ஒரு வைபவமாகவே ஆக்கிவிட்டார். வாங்க வருகிற ஜோசியர் நல்ல நேரம் குறித்துக் கொடுப்பார். அன்றைக்கு மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம். கீபோர்டுக்கு ஒரு முழம் கதம்பம். பிளாப்பி செருகுகிற இடத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம். சூடம் காட்டித் தேங்காய் உடைத்ததும் ஜோசியர் தன் கையால் என்டர் பொத்தானை அமுக்குவார். அவர் கண் முன்னாலேயே மென்பொருள் கிண்டி இறக்கப்படும்.

ஒருமுறை களக்காட்டுக்காரர் ஒருத்தர் பொத்தானை அமுக்கியதும், எங்கோ ஒரு கமா விட்டுப்போய், திரையில் கொட்டை எழுத்தில் 'ஃபேட்டல் எரர்' என்று வந்துவிட்டது.

"ஃபேட்டல்னா சாவுதானே வே?" என்றார் அவர். அந்த அளவு ஆங்கிலம் அவருக்கு இருந்தது. உடைத்த தேங்காய் மூடிகளைத் துண்டில் முடிந்துகொண்டு இறங்கிப் போனவர் திரும்பி வரவேயில்லை.

அண்ணாச்சி அன்று சாயங்காலம் மகராஜனைக் கூப்பிட்டு, "ஏலே, இனிமே திரையில தப்பு தவறுன்னு ஒரு வார்த்த வரப்பிடாது. முடிவுல மங்களமா ஏதாவது வரணும்" என்று உத்தரவு போட்டார்.

வேறு யாராவது என்றால் தப்பு வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். மகராஜன் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்கிறவன். தப்பை விட்டுவிட்டுத் தகவலை மட்டும் நிறுத்தினான். பிழை என்று கம்ப்யூட்டர் என்ன கத்தினாலும் அது திரைக்கு வராமல் பாதாளத்துக்குப் போகும்படி அந்தக் 'கட்டு'க் கருவியை மாற்றி எழுதினான். எந்த ஃபைலாவது மாற்ற முடியாமல் சிக்கிக்கொண்டால் கட்டு நிற்காது. முன்பு எப்போதோ ஒழுங்காக மாற்றி வைத்த பழைய துண்டை எடுத்துத் தைத்துவிடும். இன்றைய குழம்பு தீய்ந்துபோனால் முந்தாநாள் குழம்பைச் சூடு பண்ணி, சத்தமில்லாமல் பரிமாறுகிற மாதிரி. எல்லாம் முடிந்ததும் மூன்று முறை மணியடித்து, ஆங்கில எழுத்துகளில் 'சுபம்' என்று வரும். ஜோசியர்கள் எழுந்து நின்று கும்பிடுவார்கள்.

இதெல்லாம் நடந்தபோது நான் வேலைக்குச் சேரவில்லை. நான் வந்தபோது எனக்குத் தெரிந்தது சுபம் மட்டும்தான்.

வந்து ஒரு வருஷம்கூட ஆகாத நிலையில் வீட்டில் எனக்குப் பெண் பார்த்தார்கள். கல்லிடைக்குறிச்சி. பெண் பெயர் கோமதி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பெண் பார்க்கப் போன அன்று எனக்குப் பஜ்ஜியை வைத்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல ஜாதகம் பாக்குதீங்களாமே, அத நம்பலாமா, உங்கள நம்பலாமா?" என்று கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எனக்குப் பஜ்ஜி இறங்கவில்லை, அடுத்த பல நாளைக்குச் சோறும் இறங்கவில்லை. அவள் அப்பா ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். எல்லோரும் அவரை சார்வாள் என்பார்கள். முத்திரை குத்தாத எதையும் நம்பாதவர்.

சார்வாளை அசத்த வேண்டும் என்று நானே எங்கள் இரண்டு பேர் ஜாதகத்தையும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பொருத்தம் பார்த்தேன். 'பொருத்தம் உத்தமம். செவ்வாய் தோஷம் இல்லை' என்று வந்தது. சுற்றிலும் பூ பார்டர் போட்டு பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதன்மேல் கம்பெனி முத்திரையும் குத்தினேன். (அதுதான் அவரை வீழ்த்தியது என்று இன்றும் நினைக்கிறேன்.)

சார்வாள் அதைத் தங்கள் குடும்ப ஜோசியரான சாத்தான்குளத்துக்காரரிடம் காட்டினார். அவர் கட்டத்தைப் பார்த்துவிட்டுத் தாடையைச் சொறிந்தாராம். எனக்கு எட்டாம் இடத்தில் செவ்வாய். சாதாரணமாக அது தோஷம். ஆனால் செவ்வாய் விஷயத்தில் விதிவிலக்குகள் ஏராளம்: குரு பார்த்தால் கழிந்தது, சொந்த வீட்டில் இருந்தால் கழிந்தது, இன்னும் என்னென்னவோ. "எனக்குக் கழிவு ஒண்ணும் தெரியல. கம்ப்யூட்டரு ஏதோ சூட்சுமமாக் கணக்குப் போட்டுக் கழிச்சிருக்கு. இந்த மிஷின் நமக்கும் ஒண்ணு வேணும் சார்வாள்" என்று சொல்லிவிட்டார்.

இப்படியாக, என் கல்யாணப் பேச்சால் அண்ணாச்சிக்கு ஒரு வாடிக்கையாளரும் கிடைத்தார். ஒரு புதன்கிழமை காலை, பன்னிரண்டு மணி ராகு காலத்துக்கு முன்னால் சாத்தான்குளத்துக்காரருக்குக் கட்டிக் கொடுப்பது என்று ஏற்பாடு. சார்வாளும் கூட வருவார். மாப்பிள்ளை வேலை பார்க்கிற இடத்தையும் பார்த்த மாதிரி ஆயிற்று, அப்படியே நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்துவிடலாம்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் எனக்குச் சனி பிடித்தது. செவ்வாய் தோஷ ஃபைலில் ஒரு விதிவிலக்கு விட்டுப்போயிருக்கிறது, சேர்த்துவிடு என்றார் அண்ணாச்சி. சேர்த்தேன். கட்டினேன். சுபம். ஓட்டிப் பார்த்தால் நான் சேர்த்தது எதுவும் வேலை செய்யவில்லை. மறுபடி திருத்தினேன். சுபம். எதுவும் மாறவில்லை. என் படிப்பின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் ஆத்திரம் தாங்காமல் அந்த ஃபைலின் நடுவில், ஆங்கில எழுத்துகளில், 'மகராஜா நீ நாசமாப் போவ' என்று அடித்துவிட்டுக் கட்டினேன்.

மணி அடித்தது. சுபம்.

நாசமாய்ப் போ என்றால் சுபம் என்று பதில் சொல்கிற பொருளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. (பின்னாளில் சில ஆபீஸ்களில் பார்த்தேன், அங்கே அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.) அப்புறம்தான் கட்டையே பிரித்துப் பார்த்தேன். பாதாளத்துக்குப் போகிற வாய்க்காலும் தெரிந்தது, முந்தாநாள் குழம்பும் தெரிந்தது.

ஒரு நல்ல மனுஷன் என்றால் அந்த ஃபைலை மட்டும் சரிசெய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பான். நான் சீர்திருத்தவாதியானேன். கட்டை இரண்டு நாளில் புதிதாக எழுதினேன். தொடங்கும்போதே பழைய துண்டுகளை எல்லாம் அழித்துவிடும். எந்த ஃபைலில் தப்பு வந்தாலும் அங்கேயே நின்று, எந்த வரி என்று சொல்லும். ஒரு தப்பும் இல்லாவிட்டால் மட்டும்தான் சுபம். எழுதி முடித்ததும் அண்ணாச்சியையும் மகராஜனையும் உட்காரவைத்து, நாடகத்தில் ராஜபார்ட் மாதிரி நின்றுகொண்டு சொன்னேன்:

"அண்ணாச்சி, நம்ம கட்டு பொய் சொல்லுது."

"என்னலே சொல்லுத?"

"இப்பப் பாருங்க" என்று புதுக் கட்டை ஓட்டினேன். நிற்காமல் எல்லாத் தப்பையும் காட்டச் சொல்லி ஓட்டியதில், திரை நிறைந்து வழிந்து மேலே ஓடியது. ஆற்றில் புதுவெள்ளம் வருகிற மாதிரி. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு முருகா என்றார். மகராஜன் மட்டும் குனிந்து, ஓட்டம் நின்ற இடத்தில் படித்தான்.

"அதென்னவே, எம் பேரு வருது? 'மகராஜா' தெரியாத சொல்லுங்குது. அடுத்த வரில 'நாசமா' தெரியாத சொல்லுங்குது..."

"அது... ஒரு பரிச்சைக்குப் போட்டேன்."

"என்ன பரிச்சை? நான் போவேனா மாட்டேனான்னா?"

நல்லவேளை, அண்ணாச்சிக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. "ஏ தம்பி, தப்பு இருந்தா இருந்துட்டுப் போட்டும். அத ஏன் திரையில காட்டுத? சண்டை இல்லாத வீடு உண்டா? வாசல்ல நின்னா போடுதோம்?"

"வாசல்ல போட வேண்டாம் அண்ணாச்சி. வீட்டுக்குள்ளயாவது நமக்குத் தெரியணும்லா?"

"இவ்வளவு வருசமா ஒருத்தனும் ஒண்ணும் சொல்லல. இப்ப இவருக்கு மட்டும் நோவுது" என்றான் மகராஜன். நாசமாப் போவதில் அவனுக்கு இன்னும் வருத்தம்.

அப்போது நான் என் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். (இதை எடுக்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.) "அண்ணாச்சி, நமக்கு ஜோசியம் வியாபாரம் இல்ல, தெய்வ காரியம்னு நீங்கதான் சொல்லுவீங்க. தோஷம் இருக்கறவனுக்கு இல்லைன்னு காயிதம் குடுத்தா அந்தப் பாவம் யாருக்கு?"

அண்ணாச்சி சட்டைப் பைக்குள் கையை விட்டார். பஞ்சாங்கத்தை எடுத்தார், பிரிக்காமல் திரும்பப் பைக்குள் வைத்தார். முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

"சரி. இனிமே வாறவங்களுக்காவது சரியாப் போட்டும். சாத்தான்குளத்துக்குப் புதுசுலயே கட்டு. ஆனா அன்னைக்கு அந்த நேரத்துக்குச் சுபம் வரல, உன் சீட்டக் கிழிச்சிருவேன், ஆமா."

பிறகு ஒவ்வொரு பிழையாக உட்கார்ந்து பிடுங்கினேன். கடைசியாகச் செவ்வாய் தோஷ ஃபைல். அதைத் தோண்டிப் பார்த்தால், மகராஜன் மென்பொருளை எழுதத் தொடங்கிய காலத்தில் ஒரு சோதனைக்காக, யார் ஜாதகம் வந்தாலும் 'தோஷம் இல்லை' என்று மட்டும் சொல்லும்படி ஒரு குட்டித் துண்டு எழுதியிருக்கிறான். திரையில் தப்பு வருவது நின்ற பிறகு அவன் எழுதிய நிஜமான கணக்கு ஒருநாளும் மெஷின் பாஷைக்கு மாறவேயில்லை. கட்டு ஒவ்வொரு முறையும் அந்தக் குட்டித் துண்டையே எடுத்துத் தைத்திருக்கிறது.

ஆக, எங்கள் மென்பொருள் பொருத்தம் பார்த்த வரையில், தாமிரபரணிக் கரையில் யாருக்குமே செவ்வாய் தோஷம் கிடையாது. (கொடுத்துவைத்த ஜில்லா!) ஜோசியர்களும் கேட்கவில்லை. தோஷம் இல்லை என்று சொல்கிற ஜோசியர் வீட்டில்தானே கூட்டம் சேரும்?

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மகராஜனைக் கூப்பிட்டுக் காட்டி, "எத்தனை பேரு தலையில கல்லப் போட்டிருக்கீரு வே!" என்றேன். "அது அப்படித்தான் வே" என்றுவிட்டு அவன் டீ குடிக்கப் போனான். அந்த ஜில்லாவில் நானும் ஒரு பிரஜை, அந்தக் காகிதங்களில் ஒன்றைப் பூ பார்டர் போட்டு முத்திரை குத்தியவனும் நான்தான் என்பது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உறைக்கவேயில்லை. ஊராரின் பிழையைப் பார்க்கிற கண்ணாடியில் சொந்த முகம் தெரியாது.

புதன்கிழமை வந்தது. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். எனக்குக் கிடைத்தது.

சந்தனம், குங்குமம், கதம்பம், எலுமிச்சம்பழம் எல்லாம் தயார். சாத்தான்குளத்துக்காரர் பட்டுக்கரை வேட்டியில் வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தார். சார்வாள் ஆபீஸை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "குறுகலா வச்சிருக்கீங்க, ஆனா காத்து வருது" என்று என்னிடம் சொன்னார். வருங்கால மாமனாரிடமிருந்து அது பெரிய சர்டிபிகேட். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. ஜோசியர் என்டரை அமுக்கினார். ஒவ்வொரு ஃபைலாகத் தாண்டித் தாண்டிப் போய், மணியடித்து, வந்தது சுபம். அந்தக் கம்பெனியில் முதல்தடவையாக உண்மையாகச் சொல்லப்பட்ட சுபம். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அண்ணாச்சி என் தோளில் தட்டினார். மாலை எந்நேரமும் விழலாம் என்று கழுத்தைச் சரிசெய்துகொண்டேன்.

"முத ஜாதகம் யாரோடது போடலாம்?" என்றார் சாத்தான்குளத்துக்காரர்.

"இதென்ன கேள்வி? நம்ம மாப்ளையும் கோமதியும்தான்" என்றார் சார்வாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து, என் பெயரை அடித்து, பிறந்த தேதியை அடித்தபோதுதான், குட்டித் துண்டு, பூ பார்டர், எட்டில் செவ்வாய், மூன்றும் ஒரே சமயத்தில் மண்டைக்குள் வந்து மோதின.

வியர்த்த வியர்வையில் கீபோர்டில் இருந்த கதம்பம் புத்துயிர் பெற்றது. விரல் தானாகவே பிறந்த நேரத்தை மாற்றி அடித்தது.

"ஏ மாப்ள, தப்பா அடிக்கிய. காலம்பற ஆறு பத்துலா உங்க நேரம்?" என்றார் சார்வாள். முப்பது வருஷம் மணியார்டரில் எண் சரிபார்த்த கண் அது.

"ஆமா... ஆறு பத்து... சாயங்காலமோன்னு அம்மைகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"உங்க அம்மைதான் சொன்னா. காக்கா கத்துத நேரம்னா. ஆறு பத்து போடுங்க."

நெல்லையப்பரே, கரண்டைப் பிடுங்கும் என்று வேண்டினேன். அன்றாடம் பிடுங்குகிறவர் அன்றைக்குப் பேசாமல் இருந்தார். சரி, நாமே பிடுங்குவோம் என்று மேஜைக்கு அடியில் காலை விட்டுத் துழாவி, பிளக்கைப் பெருவிரலால் நெம்பி எடுத்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டேயிருந்தது. கம்ப்யூட்டரும் அணையவில்லை. வாங்கிய நாளிலிருந்து ஒருதடவைகூட வேலை செய்யாத யூ.பி.எஸ், முதலும் கடைசியுமாக அன்றைக்குக் கூவிக்கொண்டே வேலை செய்தது.

"என்ன சத்தம்?" என்றார் ஜோசியர்.

"மங்கள வாத்தியம்" என்றான் மகராஜன். பழிவாங்குகிறவனுக்குத்தான் எவ்வளவு நிதானம்!

திரையில் வந்தது: 'ஆணுக்குக் கடுமையான செவ்வாய் தோஷம். விலக்கு இல்லை. பொருத்தம் இல்லை.'

கீழே பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவன்கூட உளியை நிறுத்திவிட்டான் போலிருந்தது. சார்வாள் பையிலிருந்து என் பூ பார்டர் காகிதத்தை எடுத்து விரித்து மேஜையில் வைத்தார். திரையைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார்.

"அன்னைக்கு இல்லைன்னு சொன்னதும் இதே மிஷின்தானே?"

"அதே மிஷின்தான் சார்வாள், ஆனா..."

சாத்தான்குளத்துக்காரர் தாடையைச் சொறிந்தார். "ரெண்டுல எது வே சரி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புதுசு சரி என்றால் கோமதி போனாள். பழசு சரி என்றால் நான் ராஜபார்ட் போட்டு நிறுவிய உண்மை போயிற்று. உண்மைக்காக உயிரைக் கொடுத்தவர்களின் கதைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அவர்களில் யாருக்கும் கோமதி பஜ்ஜி வைத்திருக்க மாட்டாள்.

"பழசுதான் சரி" என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகம். "புதுசுல நான் தப்புப் பண்ணிட்டேன். இந்தக் கட்டு நான் எழுதினது. எனக்கு அனுபவம் பத்தாது. மகராஜன் அண்ணன் எழுதினதுதான் சுத்தம்."

தன்னையா அண்ணன் என்று கூப்பிட்டது என்பது போல மகராஜன் என்னைப் பார்த்தான். அண்ணாச்சி முகத்தில் ரத்தம் திரும்ப வந்தது.

"கேட்டியளா? பயலே ஒத்துக்கிட்டான். சின்னப்பய, துள்ளிக்கிட்டுப் போயி ஏதோ பண்ணிப்போட்டான். ஏலே மகராஜா, ராகு காலம் வாறதுக்குள்ள பழைய கட்ட எடு."

பழைய கட்டு ஓடியது. மணி அடித்தது. சுபம். என் பெயர், கோமதி பெயர், காக்கா கத்துகிற ஆறு பத்து. 'பொருத்தம் உத்தமம். செவ்வாய் தோஷம் இல்லை.' பூ பார்டர் காகிதத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. எனக்குப் போன உயிர் வந்தது. எழுந்து சார்வாளுக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டேன்.

அவர் உட்காரவில்லை. காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"ஜாதகம் சரியாயிட்டு, சந்தோசம்" என்றவர், அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "செய்யுத வேலையில இவ்வளவு பெரிய தப்புப் பண்ணினேன்னு தம்பியே சொல்லுது. பொண்ணக் குடுக்கப் போறவன், கேக்கணும்லா? இனிமே உங்ககிட்ட வேலையில இருக்குமா?"

அண்ணாச்சி வாடிக்கையாளரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இருந்தான்" என்றார்.

அவ்வளவுதான். ஒரே வார்த்தை. இறந்தகாலம். சார்வாள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நான் அவர் செருப்பை எடுத்து வைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தப் புத்தி மட்டும் அன்றைக்கு இருந்தது.

அவர்கள் போனபின், கணக்குத் தீர்த்து அனுப்ப அண்ணாச்சி மாடிப்படி வரைக்கும் என்னோடு வந்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பைய சொன்னார்:

"உனக்குத் தோஷம் இருக்குலே. கழிவு கிடையாது. நீ அந்தக் காயிதம் அடிச்ச அன்னைக்கே நான் கையால போட்டுப் பாத்துட்டேன்."

எனக்குப் படி நழுவியது. "பின்னே ஏன் அண்ணாச்சி சொல்லல?"

"அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது, மிஷின் தப்பாச் சொல்லுதுன்னு. நம்ம காயிதத்த நம்பி எத்தனை வீட்டுல தாலி ஏறியிருக்கு. இப்பப் போயி அவங்க வாசல்ல நின்னு, ஐயா தப்பாயிட்டு, உங்க மகளுக்குக் கண்டம் இருக்குன்னு சொல்லச் சொல்லுதியா? அதுல ஒருத்தி நிம்மதியாக் கண்ணு அசருவாளா? இனிமே வாறவங்களுக்காவது சரியாப் போட்டும்னுதான் உன்ன விட்டேன். நீ என்னடான்னா பழசையும் புதுசையும் ஒரே மேசையில வச்சுட்டியே பாவி. இனி ஊருக்கு ரெண்டு விதமாச் சொல்ல முடியாது."

சொல்லிவிட்டு, முருகா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். வியாபாரத்துக்குப் பயந்தவர் என்று அவரை நான் திட்டித் தீர்த்திருக்கலாம். அவர் பயந்தது செவ்வாய்க்கு. அதை நம்புகிறவருக்குத்தானே அந்தப் பயம் வரும்? நான் நம்பாதவன், அதனால்தான் பாவம், புண்ணியம் என்று அவ்வளவு சுலபமாக வசனம் பேச முடிந்தது.

அதற்குப் பிறகு நான் மெட்ராஸுக்குப் போனேன், அங்கே வேறு கம்பெனியில் வேறு பிழைகள். எனக்குத் தோஷம் என்ற செய்தி எப்படியோ கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, டவுண் வழியாகப் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. தோஷக்காரனுக்குத் தோஷமுள்ள பெண்தானே பார்க்க வேண்டும்? பாளையங்கோட்டையில் ஒரு ஜோசியர் கையால் கணக்குப் போட்டு, ஏழில் செவ்வாய் இருக்கிற ஒரு பெண்ணைத் தேடிக் கொடுத்தார். அவள்தான் இத்தனை வருஷமாக என்னோடு குப்பை கொட்டுகிறாள்.

எங்கள் வீட்டில் சாம்பாரில் உப்பு இல்லை என்று நான் சொல்ல முடியாது. மின்சாரக் கட்டணத்தில் ஏதோ தப்பு இருக்கிறது, மகன் மார்க்கு இடிக்கிறது, எதையும் சொல்ல முடியாது. வாயைத் திறந்ததும், "ஆரம்பிச்சுட்டாரு. ஒரு தடவ தப்புக் கண்டுபிடிச்சு என் தலையில வந்து விழுந்தது போதும். சுபம் போட்டுட்டுச் சாப்பிடுங்க" என்பாள். பிள்ளைகள் வாயாலேயே மூன்று முறை மணியடிப்பார்கள். மகன் இப்போது பெங்களூரில் இதே தொழிலில் இருக்கிறான். அவன் ஆபீஸில் ஒரு சின்னப் பிழை என்றாலும் திரை முழுக்கச் சிவப்பாகி எல்லோருக்கும் தகவல் போய்விடுமாம். அன்றைக்குள் யார் எழுதியது என்று தேடிப் பிடித்துவிடுவார்களாம். பெருமையாகச் சொன்னான். உனக்குப் பெண் பார்த்தாயிற்றா என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

கோமதிக்கு அடுத்த தை மாசமே கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளைக்கும் எட்டில் செவ்வாயாம், மகராஜன்தான் சொன்னான். சாத்தான்குளத்துக்காரர் எங்கள் பழைய கட்டு கட்டிக் கொடுத்த மென்பொருளில் பொருத்தம் பார்த்திருக்கிறார். தோஷம் இல்லை என்று வந்திருக்கிறது. இரண்டு பிள்ளைகள், நன்றாக இருக்கிறார்கள். அந்த மென்பொருள் அதற்குப் பிறகும் பல வருஷம் விற்றது. ஒரு புகார்கூட வரவில்லை.